வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மறுபடியும் காயவைக்க வேண்டும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது, ஈரப்பதக் கருவியைப் பார்த்துவிட்டு, அங்கே அளக்கும் தம்பி என்ன சொன்னார் என்பதுதான். "பதி...ம்ம்" என்றார். பதினேழா, பதினெட்டா? நெல் சாக்குக்குப் போவதா, சாலையில் கொட்டிக் காய்வதா என்பதே அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. "சரியாகக் கேட்கவில்லை தம்பி" என்றால், அதையே இன்னும் மெதுவாகக் கருவியிடம் சொல்கிறார். மறுபடி கேட்டால், "காது கேட்காதா பெரியவரே?" அது மட்டும் கணீரென்று திருவாரூர் வரை கேட்கிறது!

எழுத்து பிறக்கப் பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் எல்லாம் வேண்டும் என்கிறது தொல்காப்பியம். இப்படி முணுமுணுப்பவர்கள் மூக்கை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். பேச்சில் சத்தம் பெரும்பாலும் உயிரெழுத்தில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுவதில் மெய்யெழுத்துக்கே பங்கு அதிகம். மெய்யை மென்று விழுங்கிவிட்டால் வெறும் உயிர் ஆவியாக அலைய வேண்டியதுதான்.

பஸ் நிலைய ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் மன்னார்குடியும் மயிலாடுதுறையும் ஒரே ஊர்.

வீட்டிலும் விடிவில்லை. பேரன் கைப்பேசியைப் பார்த்தபடியே எதையோ முனகுகிறான். சோறு கேட்டானா, காசு கேட்டானா என்று புரியாமல் அவன் பாட்டி இரண்டையும் கொடுத்துவிடுகிறாள்.