அப்பத்துக்கும் ரசத்துக்கும் அடிச்சுக்கிட்டாங்களாம்

ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் (1618-1648) பற்றி ஒரு அண்ணன் மேடையில் பேசிய அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப லிங்க் போடமாட்டேன். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் நடந்த வெறும் மதச் சண்டை என்பது அவர் கட்சி. பூசையில் தரும் அப்பமும் திராட்சை ரசமும் நிஜமாகவே இயேசுவின் உடம்பும் ரத்தமுமா என்பதுதான் தகராறாம். "அப்பமா உடம்பா, ரசமா ரத்தமான்னு கேட்டு ஐரோப்பாக்காரன் 30 வருஷம் வெட்டிக்கிட்டுச் செத்தான்" என்றார் அண்ணன். அரங்கமே சிரித்தது. கீழே போய் "விஷயம் அவ்வளவு லேசில்லைங்க" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "அல்லேலூயா கோஷ்டி வந்துருச்சு" என்று பதில். அதற்கு வரிசையாக ஹார்ட்டின் வேறு. சந்தோஷம்.

அண்ணனிடம் ஒரே கேள்வி. வெறும் மதச் சண்டை என்றால், ஜெர்மானிய நாடுகளுக்குத் தலைவரான கத்தோலிக்கப் பேரரசரை அடிக்கச் சொல்லி புராட்டஸ்டண்ட் ஸ்வீடனுக்குப் படியளந்தது யார்? பிரான்ஸ். அதை நடத்தியவர் பிரான்ஸின் முதன்மை மந்திரி ரிஷலியூ. சாட்சாத் சிவப்பு அங்கி போட்ட கத்தோலிக்கக் கர்தினால்! 1631 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 4 லட்சம் தாலர் வெள்ளிக்காசு. 1635இல் பிரான்ஸே ஸ்பெயின்மேல் பாய்ந்தது, இரண்டும் கத்தோலிக்க ராஜ்யம். அந்தப் பக்கம் ஜெர்மனியின் லூத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட், ராஜ்யமான சாக்சனி என்ன செய்தது? 1620இல் பேரரசரோடு சேர்ந்துகொண்டு பொஹீமிய (இன்றைய செக் நாடு) புராட்டஸ்டண்டுகளை அடித்தது. கைமாறாகப் பக்கத்து லுசாத்தியா பிரதேசம் கிடைத்தது. தரங்கம்பாடிக் கோட்டையில் நின்று செல்ஃபி எடுத்திருப்பீர்களே, அந்த டேனிஷ் ராஜா நாலாம் கிறிஸ்டியனும் 1625இல் வேதத்தைக் காக்கிறேன் என்று இதில் குதித்தவர்தான். மகன்களுக்கு ஜெர்மனியில் பிஷப் நிலங்கள் பிடித்துத் தரும் ஆசையும் கூடவே இருந்தது. மறுவருஷமே லுட்டர் என்ற ஊரில் பேரரசர் தரப்பிடம் உதை வாங்கினார்.

யார் காசு, யார் நிலம்? அதைக் கேட்காமல் அப்பம், ரசம் என்று முடித்தால் ராஜாக்கள் தப்பித்துவிடுகிறார்கள். 1629இல் பேரரசர் போட்ட உத்தரவைப் பாருங்கள். 1552க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகளிடம் கைமாறிய கத்தோலிக்கத் திருச்சபைச் சொத்தெல்லாம் திரும்ப வரவேண்டும். சொத்து, அண்ணே, சொத்து.

சிரிக்கத்தான் வேண்டுமென்றால் போர் தொடங்கிய 1618க்குப் போங்கள். பிராக் கோட்டை ஜன்னல் வழியாகப் பேரரசரின் ஆட்கள் இருவரையும் கூடவே எழுத்தரையும் பொஹீமிய புராட்டஸ்டண்டுகள் தூக்கி எறிந்தார்கள். 20 மீட்டர் உயரம், மூவருமே பிழைத்தார்கள். மாதா தாங்கினாள் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு தாங்கியது என்றது மறு கட்சி. எழுத்தருக்குப் பின்னாளில் கிடைத்த பட்டத்துக்கே 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்றுதான் பொருள்.

ஆனால் பேரரசர் படை சூறையாடிய புராட்டஸ்டண்ட் நகரம் மாக்டபர்க்? 1631 மே மாதம் அந்த ஊரில் 20,000 பேர் வரை செத்தார்கள். பீட்டர் ஹாகன்டார்ஃப் என்ற கூலிச் சிப்பாய் டைரி எழுதியிருக்கிறான். கத்தோலிக்கப் படையில் இருந்தவன், வயிற்றில் குண்டு. கட்டுப்போடத் துணி தேடி அவன் மனைவி எரிகிற ஊருக்குள் போகிறாள். நோயாளிக் குழந்தை இவன் பக்கத்தில் கிடக்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் படுக்கைத் துணியும் ஒரு பெரிய குவளை ஒயினும் கொண்டு வருகிறாள். 1633இல் ஸ்வீடன் படை அவனைப் பிடித்தது, அவர்களுக்காகச் சண்டை போட்டான். மறுவருஷம் பழைய ரெஜிமெண்டுக்கே திரும்பினான். இவன் எந்த ரசத்துக்காகச் செத்துப் பிழைத்தான், சொல்லுங்கள்?

"அப்போ மதத்துக்குப் பங்கே இல்லையா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? "உங்க ஆளுகளுக்கு வெள்ளையடிக்கிறீங்க." யார் என் ஆள்? அப்பா தூத்துக்குடி ஆர்.சி. (கத்தோலிக்கர்), அம்மா நாசரேத் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்). அந்த அப்பத்துக்கு அப்பா கோயிலில் 'நன்மை' என்று பேர், அம்மா சபையில் 'திருவிருந்து'. அப்பா கோயில் பூசையில் எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அம்மா முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம். அவருக்கு அந்த அப்பம் நகைச்சுவையாக இருந்ததில்லை. மேடையில் நிற்கிறவர்களுக்கு இருக்கலாம்.

போரை முடித்த 1648 சமாதானத்தில் எனக்குப் பிடித்தது ஆஸ்னாப்ரூக் என்ற ஜெர்மன் ஊருக்குச் செய்த ஏற்பாடு. ஒரு பிஷப் கத்தோலிக்கர் என்றால் அடுத்தவர் புராட்டஸ்டண்ட், இப்படியே மாறி மாறி. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அச்சு அசல் இதுதான்: ஒரு வருஷம் தூத்துக்குடி, மறு வருஷம் நாசரேத். போப் அந்தச் சமாதானமே செல்லாது என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை.

அம்மா போனபோதுதான் ஏற்பாடு உடைந்தது. அடக்கம் செய்ய இடம் கேட்டால், அப்பா பக்கம் "கோயில் ஏட்டில் பேர் இல்லையே" என்றார்கள். அம்மா பக்கம் "சபைச் சந்தா பாக்கி இருக்கே" என்றார்கள். அம்மா ஐஸ் பெட்டியில் இருக்க, வாசலில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் பேச்சுவார்த்தை. கடைசியில் நான்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் குழி வெட்ட ஆள் வந்தது. ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது. அப்பம், ரசம் என்றெல்லாம் அதில் ஒன்றும் இல்லை, இரண்டு வருஷப் பாக்கி என்றுதான் எழுதியிருக்கிறது.