ஆறுமணிக் குருவி: 0

தெஹிவளையில் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் பின்வளவில் ஒரு மாமரமும் இரண்டு பலாவும் நின்றன. ஐப்பசி பிறந்தால் அங்கே ஆறுமணிக் குருவி வந்துவிடும். விடியும்போதும் பொழுதுபடும்போதும் விசிலடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மம்மா விளக்கேற்ற எழும்புவார், மணிக்கூடு பார்ப்பதில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, கடல் தாண்டி எங்கள் மாமரத்தடிக்கு வந்த குருவி அது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

அந்த வளவில் இப்போது தொடர்மாடி நிற்கிறது. பக்கத்து வளவு மரங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் நிலம் முழுக்க சீமெந்துக் கல் பதித்துவிட்டார்கள். ஆறுமணிக் குருவி நிலத்தில் இரை தேடுவது. சருகைப் புரட்டிப் புழு பூச்சி பிடிக்கும். மரத்தை விட்டுவைத்துச் சருகை எடுத்துவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை, அது வருவதும் இல்லை. ஒரு இலை கிடந்தாலும் கூட்டித் தள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வளவின் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடலாம்.

சரி, அது வருவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்மையில் தெரியாது. வராமல் விட்டதா, நாலாம் மாடியில் கண்ணாடி சாத்திப் படுக்கும் எனக்குக் கேட்காமல் போனதா? பறவை ஆய்வாளர்களின் பெரிய தலையிடியே இதுதான். காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் வருடக்கணக்காக எண்ணுகிறார்கள். அம்மம்மா கலண்டரில் திகதி குறித்து வைத்திருந்தால் இன்று அது ஆய்வுத் தரவு. எனக்கு மிஞ்சியிருப்பது ஞாபகம் மட்டும்.

இந்தியாவில் 2023இல் வந்த பறவைகள் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் எழுதி வைத்த 3 கோடிப் பதிவுகளில் எழுந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 வீதம் குறைந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது. எழுதியவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்றவர்கள்தான். இங்கே இலங்கையிலும் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். ஆனால் போர்க்காலத்தில் வடக்கில் பல வருடங்கள் ஒழுங்காக எண்ண முடியவில்லை. வலசைப் பறவைகள் வந்திறங்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் அந்தக் காலத்து ஏடுகளில் இடைவெளிகள் கிடக்கின்றன. அந்த வருடங்களை இனி யாராலும் எண்ண முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

கொழும்பின் கணக்கிலும் அப்படி இடைவெளி விழ வேண்டாம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார், 2018இல் அறிவித்த உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்றானது. வெள்ளத்தை வாங்கி வைத்திருப்பவை இந்தச் சதுப்புகள்தான். மண் கொட்டி நிரப்புவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் உண்டு. தெஹிவளைக்குப் பக்கத்துப் பெல்லன்வில-அத்திடிய சதுப்பில் கைவிட்ட வயல்கள் பற்றையாகின்றன, அன்னமுன்னா (சீத்தாப்பழ) இனத்து அந்நிய மரம் ஒன்று திறந்த சதுப்பை மூடுகிறது. பச்சைப்பசேல் என்று இருப்பதால் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்குத் தெரியும். "வெறும் பாசிக் குளம்தானே" என்று யாராவது நிரப்ப வரும்போது, பத்து வருடக் கணக்கு கையில் இருந்தால் வாதாடலாம்.

நான் போன பறவை நடைகளில் தமிழ் பேசியவர் பெரும்பாலும் நான் ஒருத்திதான். அபூர்வப் பறவையின் படத்துக்கு விருப்பம் போடுகிறோம், வாசலில் நிற்கும் காகத்தை எண்ணுவதில்லை. காகத்தின் எண்ணிக்கையும் வேண்டும். குப்பை கூடுவதை அது சொல்லும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் பதினைந்து நிமிடம் நிற்கிறேன். போன கிழமைக் கணக்கு: காகம் 41, மடையான் 3, நீர்க்காகம் 1, ஆறுமணிக் குருவி 0. அந்தப் பூச்சியத்தையும் எழுதினேன்.

நுகேகொடை, தெஹிவளை, கோட்டே பக்கம் வளவுள்ள வீட்டில் இருப்பவர்கள், இந்த ஐப்பசியில் அந்த விசில் கேட்டால் திகதியையும் இடத்தையும் கீழே எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.