ஊட்டிக்குப் போகாத பையனின் ஊட்டிக் கட்டுரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் இருந்தபடியே சனி, ஞாயிறு மாலைகளில் ஆன்லைனில் தமிழ்க் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகள், மொத்தம் பதினான்கு பேர். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, பள்ளி திறந்த பிறகும் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் மனதில் பட்டதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், ஏழாம் வகுப்பு. 'கோடை விடுமுறை' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். இரண்டு பக்கம் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினான். குடும்பத்துடன் ஊட்டிக்குப் போனார்களாம், மலை ரயிலில் ஏறினார்களாம், தாவரவியல் பூங்கா கண்ணுக்கு விருந்தாக இருந்ததாம். பிழைகூட அதிகம் இல்லை. ஆனால் அவன் ஊட்டிக்குப் போனதே இல்லை. நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறான்.

திட்டவில்லை. போனில் கூப்பிட்டு, "லீவுல நிஜமா என்னடா பண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மிஸ். அப்பா வீட்லயே இருந்தாரு."

அந்த 'ஒண்ணும் இல்ல'வுக்குள் எவ்வளவு இருந்தது தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பையனின் அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். தடைக்காலத்திலும் அவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுமாம். எழுந்து கடல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வாராம். பகலில் வலை பொத்துவாராம், பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பானாம். சொல்லிக்கொண்டே போனான். "இதையே வாய்ஸ் நோட்டாப் பேசி அனுப்பு, அப்புறம் அதைக் கேட்டுக் கேட்டு எழுது" என்றேன்.

முதல் கட்டுரையில் ஒரு வரி: "ஊட்டி மிகவும் அழகான, குளிர்ச்சியான இடமாகும்." இரண்டாவதில்: "அப்பா கடலைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் படுத்துக்கொள்வார்." இரண்டும் ஒரே பையன் எழுதியவை.

தன் வீட்டில் நடப்பது கட்டுரைக்கு ஆகாது என்று நம் பிள்ளைகளை நாமே நம்ப வைத்திருக்கிறோம். 'அறிவியலின் விந்தைகள்', 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்று தலைப்பைக் கொடுத்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகமும் கொடுத்துவிட்டால், பிள்ளை சட்டகத்தை நிரப்பத்தான் பார்க்கும். என் வகுப்பில் முன்னுரையைக் கடைசியில்தான் எழுத வேண்டும். என்ன சொல்லப் போகிறோம் என்பது எழுதி முடித்த பிறகுதானே தெரிகிறது!

தலைப்பைவிடக் கேள்வி நல்லது என்பதை எனக்குக் காட்டியது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். இரண்டு வாரம் வகுப்பே இல்லை. மறுபடி கூடியபோது 'புயல்' என்று தலைப்புக் கொடுத்திருந்தால் 'இயற்கையின் சீற்றம்' என்று பதினான்கு கட்டுரை வந்திருக்கும். "தண்ணீர் வருதுன்னு தெரிஞ்சதும் உங்க வீட்ல முதல்ல எதைத் தூக்கி மேலே வச்சீங்க?" என்று கேட்டேன். எப்போதும் வாயே திறக்காத பிள்ளைகள்கூட சாட்டில் கொட்டினார்கள். ரேஷன் அட்டை. கிரைண்டர். ஆட்டுக்குட்டி. பாட்டியின் மாத்திரை டப்பா. வில்லியனூர்ப் பெண் ஒருத்தி, "எங்க வீட்ல எதையும் தூக்கல, தாத்தாவைத்தான் தூக்கினோம்" என்று போட்டாள். அவள் கட்டுரை அங்கேயே தொடங்கிவிட்டது.

பிள்ளைகள் பதில் சொல்லாமல் இருப்பதைப் பற்றி ஒரு விஷயம். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே கவனித்துச் சொன்னது இது: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, இன்னும் பல பிள்ளைகள் பேச முன்வருகிறார்கள். அது நேரில் நடக்கும் வகுப்பு. ஆன்லைனில் குரல் வந்து சேரவே நேரம் ஆகும், பிள்ளை மைக்கை ஆன் செய்ய வேண்டும், பக்கத்தில் டிவி ஓடுவதை நினைத்துத் தயங்க வேண்டும். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். ஆரம்பத்தில் அந்த மௌனம் பயமாகத்தான் இருந்தது.

கேமராவை ஆன் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்ச நாள் ஓர் இணைய வகுப்பு நிறுவனத்துக்கு வேலை செய்தேன். முகம் தெரியாவிட்டால் ஆப்சென்ட் என்று விதி. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளை, பின்னால் அம்மா சமைப்பது தெரியக் கூடாது என்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதன் கவனம் முழுக்கச் சுவரில்தான் இருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டேன்.

ஜூமில் இலவசமாகக் கிடைப்பது 40 நிமிடம். எனக்கு அது போதும். பத்து நிமிடம் பேச்சு, பதினைந்து நிமிடம் எல்லாரும் மைக்கை மூடிவிட்டு எழுதுவது. நானும் எழுதுவேன், திரையைப் பகிர்ந்து, அவர்கள் பார்க்கவே. 'மிகவும்' என்று எழுதி அடிப்பதையும், நல்ல வினைச்சொல் கிடைக்காமல் தடுமாறுவதையும் பார்ப்பார்கள். அடித்து எழுதுவது தப்பில்லை என்று நூறு தடவை சொன்னதைவிட ஒரு தடவை காட்டியது அதிகம் வேலை செய்தது. மீதி நேரத்தில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்பார். தன் வரியை வேறொருவர் குரலில் கேட்கும்போது எங்கே இடறுகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ற, ர, ன, ண எல்லாம் அதன் பிறகுதான், அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழை. சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பினால் அடுத்த வாரம் பாதி நீளம்தான் வரும்.

வாசிப்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருந்து சில பத்திகளைக் கொடுப்பதுண்டு. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை, வந்த கப்பல், வியாபாரம், காதில் விழுந்த பேச்சு என்று அவர் எழுதிவைத்தது இது. பழைய நடை பிள்ளைகளுக்குக் கடினம்தான். ஆனாலும் "இதெல்லாமா எழுதுவாங்க!" என்று ஆச்சரியப்படுகிறார்களே, எனக்கு அது வேண்டும்.

தேவனாம்பட்டினத்துப் பையனின் கட்டுரையை அடுத்த வகுப்பில் வாசிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அவன் அம்மா கூப்பிட்டார். "கடன் வாங்கினதையெல்லாம் எழுதியிருக்கான் மிஸ், நாலு பேர் கேட்கிற இடத்துல வேணாமே" என்றார். அவர் சொன்னது நியாயம். அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பையனிடம், "நோட்டுல இருக்கட்டும், வாசிக்கிறதுல எது வேணும்னு நீயே முடிவு பண்ணு" என்றேன். அவன் அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு, நூல் சுற்றிய ஊசியில் இருந்து தொடங்கினான்.