புழு வேண்டாம் என்றால் குருவியும் வராது

பெங்களூரில் இப்போது பார்க்கிற வீட்டிலெல்லாம் பறவைக்குத் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது, மரப்பெட்டிக் கூடு தொங்குகிறது, பால்கனியில் பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நல்ல மனசோடுதான் செய்கிறோம். ஆனால் அதே வீட்டில் கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழுவைப் பார்த்துவிட்டால் உடனே மருந்து தேடி ஓடுகிறோம். இந்த இரண்டும் ஒத்துவராது. இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நம் தமிழ் வீடுகளில் பெங்களூருக்கு வந்த பிறகும் யாரும் விடவில்லை. அது நல்ல பழக்கம். ஆனால் சோற்றுக்கும் தானியத்துக்கும் வந்து நிற்பவை பெரும்பாலும் காகமும் புறாவும்தான். இரண்டுக்கும் இந்த ஊரில் குறைவே இல்லை. நம்மால் நிஜமாக உதவி பெற வேண்டியவை வேறு. தையல்சிட்டு, தேன்சிட்டு, சின்னான், சிட்டுக்குருவி எல்லாமே குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிதான். வளர்ந்த சிட்டுக்குருவி கம்பு தானியத்தைக் கொத்தித் தின்னும், ஆனால் கூட்டுக்குள் வாய் பிளந்து நிற்கும் குஞ்சுக்கு அது புழுவைத்தான் தேடிக் கொண்டுபோகும். தேன்சிட்டு என்று பெயர் இருந்தாலும் அது குஞ்சுக்குக் கொடுப்பது சிலந்தியும் சின்னச் சின்னப் பூச்சிகளும். அது கூடு கட்டவே சிலந்தி வலை வேண்டும். தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைப்பதிலும் சிலந்தி இழை உண்டு. இவை இரண்டும் கடையில் வாங்கிய மரப்பெட்டிக்குள் ஒருநாளும் குடிவராது. ஜன்னல் ஓரத்தில் ஒட்டடையைக் கொஞ்சம் விட்டுவைப்பது அவற்றுக்கு அதைவிடப் பெரிய உதவி.

எதிர் வீட்டு அக்கா ஒருநாள் அக்கறையோடுதான் கேட்டார்: "என்னம்மா, செடி இப்படி மொட்டையா நிக்குது? வேப்பெண்ணெயாவது அடிக்கக் கூடாதா?" அவரையும் அவர் மகளையும் கூப்பிட்டுச் செடியருகே நிற்க வைத்தேன். கறிவேப்பிலையில் வளர்வது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சைச் செடியில் அதோடு எலுமிச்சை அழகியும் சேர்ந்துகொள்ளும். முட்டை கடுகளவு, வெளிர் மஞ்சள், தளிர் இலையில் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். முதலில் புழு காக்கை எச்சம் போலவே பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், அதனால் பறவைகள் அதைத் தொடாது. பிறகு தோல் உரித்து இலைப் பச்சைக்கு மாறும். முதுகில் இரண்டு கண் வரைந்தது போல் இருக்கும். அந்தப் பெண் விரலால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டுக் கொம்பு ஒன்று வெளியே வந்தது, கூடவே காட்டமான ஒரு வாடை. பிள்ளை துள்ளிக் குதித்தது. இப்போது அவர்கள் வீட்டில் சமையலுக்கு ஒரு தொட்டி, புழுவுக்கு ஒரு தொட்டி. மொட்டையான கறிவேப்பிலை சில வாரங்களில் மறுபடி தழைத்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வேப்பெண்ணெய் இயற்கை மருந்துதானே என்று பலர் கேட்கிறார்கள். இயற்கைதான். ஆனால் அதில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் புழு தோல் உரித்து வளர்வதைத் தடுக்கிறது. செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி எது, பட்டாம்பூச்சிப் புழு எது என்று அது பிரித்துப் பார்க்காது. நீங்கள் விட்டுவைக்கிற புழுக்களிலும் பெரும்பாலானவை பட்டாம்பூச்சி ஆவதில்லை, குளவியோ தையல்சிட்டோ கொண்டுபோய்விடும். அதற்காக வருத்தப்படவே கூடாது. ஒரு கூட்டில் குஞ்சு வளர்வது அப்படித்தான். முருங்கையில் அப்பும் கம்பளிப்பூச்சி மட்டும் வேறு விஷயம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அரிப்புக்குப் பயப்படுவது நியாயம். கைக்கெட்டுகிற இடத்தில் இருப்பதை அகற்றுங்கள், ஆனால் மரத்தையே பந்தம் கொளுத்திச் சுட வேண்டாம். சுடலைக்குயிலும் செம்போத்தும் அதைத் தேடி வந்து தின்கின்றன.

அடுத்தது மண். இந்த ஊரின் 30க்கு 40 மனையில் வீடு கட்டியதுபோக மிஞ்சுவது ஓரத்தில் இரண்டு மூன்று அடி. அதையும் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம், கேட்டால் "சேறு ஆகும், பாம்பு வரும்" என்கிறோம். அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் நம் ஆட்களின் பழைய வீடுகளில் ஒரு முருங்கையும் ஒரு பவழமல்லியும் நிற்க மண் இருந்தது. இன்று அதே இடத்தில் நாலு மாடியும் பார்க்கிங்கும் நிற்கின்றன. இடம் நெருக்கடி என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு துண்டு வெறும் மண்ணில் என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரிந்தால் அதை மூட மனசு வராது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ உண்டு. கூட்டமாக வாழாது, மண்ணில் துளை போட்டு முட்டை வைக்கும். அதன் ஆண் தேனீ ராத்திரியில் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்வியபடியே தூங்கும். தக்காளி, கத்தரிப் பூவின் மகரந்தத்தை உதிர்க்க அந்தப் பூவைப் பிடித்து அதிர வைக்க வேண்டும். சாதாரணத் தேனீயால் அது முடியாது, இந்த நீலப்பட்டைக்காரியும் கருவண்டும் செய்யும். மாடித் தோட்டத்தில் கத்தரி வைத்துவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று வருந்துபவர்கள் கீழே இருக்கிற மண்ணை ஒருமுறை பாருங்கள்.

காய்ந்த இலையும் அப்படித்தான். மாசி, பங்குனியில் புங்க மரம் இலை உதிர்க்கும்போது தெருவே கூட்டிப் பெருக்கி மூட்டை கட்டுகிறது, சிலர் கொளுத்தியும் விடுகிறார்கள். செடியடியில் அந்தச் சருகைக் கிடக்கவிடுங்கள். மண்ணின் ஈரம் காயாது. 2024 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. புல்தரைக்கு ஊற்றுகிற தண்ணீரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சருகுக்கு அடியில் மண்புழு, மரவட்டை, பூச்சிகள், அங்கே இரை தேட அரணை. "அரணை கடித்தால் மரணம்" என்று சொல்லியே அதை அடித்துக் கொல்கிறோம். அரணைக்கு விஷமே கிடையாது. ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வரும். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே, இலங்கை வரைக்கும் போகிற பறவை. பெங்களூர் வீட்டுத் தோட்டங்களில் களைத்துப்போய் இறங்குவது உண்டு. அது இரை தேடுவது சருகைக் கிளறித்தான். டைல்ஸ் தரையில் இறங்கினால் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை.

பாம்பைப் பற்றியும் நேராகப் பேசுவோம். பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது திறந்து கிடக்கும் குப்பைக்காகவும் கொட்டுகிற தானியத்துக்காகவும். குப்பையை மூடி வைத்து, செங்கல், கட்டைக் குவியலை வீட்டை ஒட்டிப் போடாமல் இருந்தாலே பாதி பயம் தீரும். எலிக்கு விஷம் மட்டும் வைக்காதீர்கள். விஷம் தின்று தள்ளாடுகிற எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் சேர்ந்து சாகிறது. கூகை அலறினால் கெட்டது என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒன்று: எலியைக் குறைக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது.

என்ன செடி வைப்பது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லால்பாக் மலர்க்காட்சி பார்த்துவிட்டு வரும் உற்சாகத்தில் அடுக்குச் செம்பருத்தி வாங்க வேண்டாம், ஒற்றைச் செம்பருத்தி வாங்குங்கள்; அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழாகிவிடுவதால் தேனீக்கு அதிகம் கிடைக்காது. இட்லிப்பூ, துளசி, பவழமல்லி, எருக்கு, ஆமணக்கு. எருக்கில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். எருக்கின் பால் கண்ணில் படக் கூடாது, அதனால் பிள்ளைகள் ஓடுகிற பாதையில் வேண்டாம். இந்தத் தெருக்களின் ஜக்கராந்தாவும் தூங்குமூஞ்சியும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவை, அழகானவை, நிழல் தருபவை. இருக்கட்டும். புதிதாக ஒரு மரம் வைக்க இடம் இருந்தால் மட்டும் புங்கமோ அத்தியோ வையுங்கள்.

அப்புறம் மலைத்தேனீ. இதில் எனக்குக் கோபமே வருகிறது. எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பில் மேல்மாடி விளிம்பில் கட்டியிருந்த பெரிய கூட்டை ராத்திரியோடு ராத்திரியாக மருந்தடித்துக் கொன்றார்கள். காலையில் வாசல் முழுக்கச் செத்த தேனீக்கள், கூட்டிப் பையில் அள்ளினார்கள். மலைத்தேனீ ஒரே இடத்தில் நிரந்தரமாக இருப்பதில்லை. பூக்காலம் முடிந்ததும் சில மாதங்களில் தானாகவே கிளம்பிவிடும். சீண்டினால் ஆபத்து என்பது உண்மை. அதனால் சீண்டாமல் இருப்பதுதான் வழி. கூட்டுக்குப் பக்கத்து பால்கனி விளக்கை ராத்திரியில் அணையுங்கள், வெளிச்சத்தைத் தேடித்தான் அவை வீட்டுக்குள் வருகின்றன. பட்டாசு, புகை வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். ரொம்பவும் கீழே, நடமாடுகிற இடத்தில் கட்டியிருந்தால், கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதை எழுந்து பேச ஒரே ஒருவர் இருந்தாலும் போதும். தயவுசெய்து அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வைப்பவர்கள் தினமும் கழுவி மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கட்டும், உள்ளே ஒரு கல் போட்டால் தேனீ மூழ்காமல் குடிக்கும்.

ஆடுதின்னாப்பாளை என்ற கொடியை நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிவந்த உடலும் கறுப்பு இறகும் கொண்ட ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சி அந்தக் குடும்பத்துக் கொடிகளில்தான் முட்டை வைக்கும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில அதைப் போலவே வேடம் போட்டுத் திரியும், ஏனென்றால் ரோஜா அழகிக்கு நச்சு உண்டு, பறவைகள் ஒதுக்கிவிடும். என்னிடம் ஆடுதின்னாப்பாளை விதை கொஞ்சம் இருக்கிறது. நமக்கும் அது நச்சுதான், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்மனஹள்ளி பக்கம் இருப்பவர்கள் கேட்டால் தருகிறேன், காசு வேண்டாம். ஆனி மழைக்கு முன்னால் விதைத்தால் நன்றாகப் பிடிக்கும்.