ஓமைப் பார்த்து ஆம்ப் வாங்காதீர்கள்

இங்கே சிங்கப்பூரில் அக்கா மகன் தேசிய சேவை முடிந்து வந்த மறுவாரமே ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தான். ஏதோ ஒரு கடையில் விற்பனையாளர் கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியல். ஹெட்போன் 520 வெள்ளி. ஆம்ப், அதாவது ஹெட்போனுக்குப் போகும் மின்னலையைப் பெருக்கும் பெட்டி, 890. டிஏசி (இது என்ன என்று கீழே சொல்கிறேன்) 650. கேபிள் 240. கூட்டி 2,300 என்று எழுதி, கீழே இரண்டு கோடு.

"மாமா, இது 300 ஓம். போன்ல நேரா சொருகினா சத்தமே வராதாம். ஆம்ப் இல்லாம இத வாங்குறது வேஸ்ட்டுன்னு சொல்றாங்க."

ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் தொடங்கி இரண்டு வருடம் வெயிலில் காய்ந்து சேர்த்த காசு. அதில் ஹெட்போனுக்குப் போவது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் ஹெட்போனைச் சுற்றி இருக்கும் பெட்டிகளுக்கும் கம்பிக்கும். எனக்கு வயிறு எரிந்தது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், வேறு யாராவது இதே காகிதத்தோடு நிற்கக்கூடும்.

முதலில் இந்த 'ஓம்' கதை. எனக்கு மின்சார வேலைதான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். ஓம் என்பது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடை, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லவே முடியாது. அதற்கு உணர்திறன் என்கிற இன்னொரு எண் வேண்டும். கொடுத்த மின்சாரத்தை எவ்வளவு சத்தமாக மாற்றும் என்று சொல்வது அதுதான். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

சென்ஹைசர் எச்டி 650 என்று ஒரு ஹெட்போன், 2003இல் வந்தது, இன்றும் விற்கிறது. 300 ஓம். ஆனால் 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் தரும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. ஹைஃபைமேன் எச்ஈ-6 என்று இன்னொன்று. வெறும் 50 ஓம். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். இப்போது இரண்டையும் 110 டெசிபல் வரை கொண்டுபோகக் கணக்குப் போடுங்கள். பாட்டில் தவில் திடீரென்று வெடிக்கும் இடத்துக்கு அது தாராளம். 300 ஓம் ஹெட்போனுக்கு 17 மில்லிவாட் போதும். 50 ஓம் ஹெட்போனுக்கு 450 மில்லிவாட் வேண்டும். 'சுலபமான' 50 ஓம்தான் கிட்டத்தட்ட 27 மடங்கு அதிகம் சாப்பிடுகிறது!

சரி, போனில் செருகினால் சத்தமே வராது என்றார்களே? போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே செருக ஆப்பிள் விற்கும் அந்தக் குட்டி யூஎஸ்பி-சி டாங்கிள், இங்கே இருபது வெள்ளிக்குள் கிடைப்பது, ஏறக்குறைய 1 வோல்ட் தருகிறது. (ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் தரும். அங்கே ஊர் சுற்றப் போய் வாங்கி வராதீர்கள்.) ஆக எச்டி 650இல் உச்சத்தில் 103 டெசிபல். பாட்டின் சராசரிச் சத்தம் உச்சத்தைவிட 15, 20 டெசிபல் கீழே இருக்கும் என்று வைத்தால் 83 முதல் 88. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்குச் சொல்லும் பாதுகாப்பு வரம்பு 80. டாங்கிளே காதைக் கெடுக்கப் போதுமான சத்தம் தருகிறது, மகனே!

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈக்வலைசர் போட்டு அடிநாதத்தை, அதாவது பேஸை, 6 டெசிபல் ஏற்றினால், ஒலி உடையாமல் இருக்க மொத்தச் சத்தத்தை 6 டெசிபல் இறக்கியாக வேண்டும். இறக்கியதை ஈடுகட்ட இரண்டு மடங்கு வோல்ட் தேவை. அடக்கமாகப் பதிவான கச்சேரிகளைக் கேட்பவர்களுக்கும் இதே கதைதான். அப்போது ஒரு சுமாரான ஆம்ப் நியாயம். நூறு, நூற்றைம்பது வெள்ளி சமாசாரம். 890 அல்ல.

அப்படியானால் பொருத்தமே பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். ஆனால் விற்பவர்கள் பார்ப்பது பத்துப் பொருத்தம். "இந்த ஹெட்போன் கொஞ்சம் சூடான குணம், அதுக்குக் குளிர்ச்சியான ஆம்ப் போட்டா சமமாயிடும்" என்று ஜாதகத்தை விரித்துவிடுவார்கள். நான் பார்ப்பது மூன்றுதான். சத்தம் போதுமா என்பது ஒன்று, அது மேலே முடிந்தது. இரண்டாவது ஆம்பின் வெளியீட்டு மின்மறிப்பு. மூன்றாவது இரைச்சல்.

வெளியீட்டு மின்மறிப்பைப் பற்றிக் கடையில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். ஆனால் உண்மையில் ஒலியின் குணத்தை மாற்றுவது இதுதான். ஆம்புக்குள்ளேயும் ஒரு தடை இருக்கிறது. ஹெட்போனின் தடையும் இதுவும் வரிசையில் நின்று வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்போனின் தடை எல்லா சுருதிக்கும் ஒரே மாதிரி இருந்தால் தொல்லை இல்லை, மொத்தமாகச் சத்தம் குறையும், அவ்வளவே. தட்டையான சவ்வு வைத்த பிளேனார் வகை ஹெட்போன்கள் அப்படித்தான். ஆனால் காதுக்குள் செருகும் இயர்போன்களில் பல சின்ன ஒலிப்பான்கள் வைத்த வகை இருக்கிறதே, அதில் தடை குதிரைபோலக் குதிக்கும். ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொன்றில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 10 ஓம் உள்ள ஆம்பில் செருகினால் அந்த இரண்டு சுருதிகளுக்கும் இடையே நாலரை டெசிபல் புது வித்தியாசம் முளைக்கும். செய்தவன் ஒரு மாதிரி செய்தான், நீங்கள் கேட்பது வேறு மாதிரி. 1 ஓம் உள்ள டாங்கிளில் செருகினால் அதே வித்தியாசம் முக்கால் டெசிபல்தான்.

ஆகையால் ஆம்பின் ஓம், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆம்பின் விவரத்தாளில் இந்த எண்ணே இல்லையென்றால் நான் அதைத் திரும்ப வைத்துவிடுவேன்.

இந்தப் பாடத்தையும் மூன்றாவதான இரைச்சலையும் நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் வால்வு ஆம்ப் ஒன்று வாங்கினேன். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், இருட்டில் ஆரஞ்சு வெளிச்சம், பார்க்க ஆசையாக இருக்கும். "எல்லாத்துக்கும் ஒத்துப்போகும் சார்" என்றார்கள். வீட்டில் இயர்போனைச் செருகினேன். பாட்டு தொடங்குவதற்கு முன்பே சோவென்று மழை. இயர்போன் அவ்வளவு நுணுக்கமானது, ஆம்பின் இரைச்சல் முழுவதும் காதில் விழுந்தது. வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே அலறியது. கீழே வைத்தால் இடது காதில் மட்டும் சத்தம். குமிழின் தொடக்கப் பகுதியில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் போவது இந்த மாதிரிக் குமிழ்களில் சாதாரணம் என்று பிறகுதான் புரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "இன்னும் நல்ல கேபிள் போட்டுப் பாருங்க" என்றார்கள். அன்றைக்கு நான் கேபிளும் வாங்கினேன் என்பதை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

அதே ஆம்பில் 300 ஓம் ஹெட்போன் நன்றாகத்தான் பாடியது. அடிநாதம் கொஞ்சம் பருத்துக் கேட்டது. "வால்வின் மாயம்" என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் மாயம் ஒன்றும் கிடையாது. அந்த ஹெட்போனின் தடை 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தொடும். ஆம்பின் தடை 120 ஓம் இருந்தால் அந்த இடம் மட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபல் தூக்கிக் கேட்கும். ஈக்வலைசரில் ஒரு விரல் அசைவு. நான் அதற்கு ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்திருந்தேன். போதாக்குறைக்கு, ஏர்கான் போடாத படுக்கையறையில் அது இன்னொரு அடுப்பு.

டிஏசி பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் சில்லு அது. போனிலும் டாங்கிளிலும் மடிக்கணினியிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 'தனிப் பெட்டியில் இருந்தால்தான் சுத்தம்' என்ற நம்பிக்கை சும்மா வரவில்லை. 90களில் கணினிக்குள் ஒலி என்றாலே கரகரப்புதான், மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கேட்கும். நம் ஊர்க்காரர் சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கணினிக்குள் செருகும் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்து உலகம் முழுக்க விற்றது அந்தக் காலத்தில்தான். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் பெட்டியை வேடிக்கை பார்த்தவன் நான். சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் இறந்தபோது யாரோ தூரத்து உறவு போனதுபோல இருந்தது. அன்றைக்குத் தனி அட்டைக்கு நியாயம் இருந்தது. இன்றைக்கு இருபது வெள்ளி டாங்கிளில் இருக்கும் சில்லின் இரைச்சலே காதுக்கு எட்டாது. மடிக்கணினியில் சார்ஜர் போட்டதும் 'உம்ம்ம்' என்று ரீங்காரம் வந்தால் மட்டும் தனி டிஏசி யோசியுங்கள். அதற்கும் முன்னால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், இலவசம்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சிலேயே கிடையாது. ஆம்பும் டிஏசியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நிம்மதியாக இருங்கள்.

"ஆனா மாமா, கடையில கேட்டப்ப வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுச்சே?" என்றான். தெரியும். ஒன்றைவிட இன்னொன்று அரை டெசிபல் சத்தமாக இருந்தால் போதும், 'சத்தம் கூடுதல்' என்று காது சொல்லாது, 'தெளிவாக இருக்கிறது' என்று சொல்லும். எந்தக் கடையிலும் யாரும் இரண்டையும் அளந்து சமன்படுத்திவிட்டுப் போட்டுக் காட்டுவதில்லை.

நான் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரே சுருதியில் ஒலிக்கும் ஒரு ஒலிக்கோப்பைப் போட்டு, ஹெட்போன் முனையில் மல்டிமீட்டர் வைத்து, டாங்கிளின் வோல்ட்டையும் டிஏசியும் ஆம்பும் சேர்ந்த என் விலையுயர்ந்த அடுக்கின் வோல்ட்டையும் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் சமமாக்கினேன். பிறகு நான் திரும்பி உட்கார்ந்துகொள்ள, மகள் நாணயம் சுண்டிப் பார்த்து மாற்றி மாற்றிச் செருகினாள். கேட்டது ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பியின் கும்காரத்தையும் வலந்தலையின் சாப்பையும் விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. 16 முறையில் 9 சரி. குறைந்தது 12 சரியாக வந்தால்தான் ஏதோ கேட்கிறது என்று துணிந்து சொல்லலாம். 9 என்றால் நாணயத்தையே கேட்டிருக்கலாம். மகளுக்கு ஐஸ்கிரீம் செலவு தனி.

அப்படியென்றால் காசை எதில் போடுவது? ஹெட்போனில். பிறகு அதன் காதுறையில். இதை யாருமே சொல்வதில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் செயற்கைத் தோல் உறை நாளடைவில் உரிந்து, கறுப்புப் பொடியாகத் தோளில் கொட்டும். உரிந்த உறை காதை மூடாது, மூடாவிட்டால் அடிநாதம் வெளியே ஓடிவிடும். மூடிய வகை ஹெட்போனில் மூக்குக்கண்ணாடியின் கம்பி விடும் இடைவெளிகூட அடிநாதத்தைத் தின்றுவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எந்த ஆம்பும் அந்த அளவு மாற்றாது. நாற்பது வெள்ளிக்குப் புது உறை போட்டதும் என் பழைய ஹெட்போன் புதிதாகப் பிறந்தது.

அப்புறம் பதிவு. யாரோ கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியதை இரண்டாயிரம் வெள்ளி அடுக்கில் போட்டால் கேசட்டின் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய பழைய சிடிக்கள் அலமாரியில் தூங்குகின்றனவா? எடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நாற்பது வருடத்துக்கு முந்தைய அளவுதான், ஆனால் காதுக்கு இன்னும் அது போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் மின்விசிறி ஓடும் அறையில், கீழ்த்தளத்தில் யாரோ மேசையை இழுக்கும் சத்தத்துக்கு நடுவே கேட்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோல்மன் ஸ்ட்ரீட்டில் ஒலிக்கருவிக் கடைகள் நிறைந்த அடெல்ஃபி கட்டடத்துக்குள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நுழைந்தால் வெளியே வர எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். வெளிச்சமும் கனமான குமிழும் அழகுதான், அழகுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அதை 'ஹெட்போனுக்குத் தேவை' என்ற பெயரில், இருபத்திரண்டு வயதுப் பையனிடம் விற்காதீர்கள்.

காகிதம் இப்போதும் என் மேசையில்தான் கிடக்கிறது. டிஏசி வரியை நான் அடித்தேன். கேபிள் வரியை அவனே அடித்தான். ஆம்ப் வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "டாங்கிள்ல ஒரு மாசம் கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்றான். போகும்போது என் மல்டிமீட்டரை இரவல் கேட்டான். இன்னும் திருப்பித் தரவில்லை.