மழையில் சாலைப் பள்ளத்தை மூட முடியாதா?

“மழை முடியும்வரை தார் ஒட்டாது, அதனால் இப்போது புகார் கொடுப்பது வீண்” என்று சாலைப் பள்ளங்களைப் பற்றிச் சிலர் சொல்வது பாதிதான் சரி. ஒட்டாதது, தாரையும் ஜல்லியையும் சூடாக்கிக் கலக்கும் சூட்டுக் கலவை. விஜி-30 என்ற வகைத் தார் சேர்ந்த கலவையைக் குறைந்தது 140 டிகிரி செல்சியஸில் கொட்ட வேண்டும், 90-க்குக் கீழே இறங்குமுன் உருளை ஓடி முடிய வேண்டும். ஈரப் பள்ளத்தில் அது நடக்காது. ஆனால் மூட்டையில் வரும் குளிர்கலவையைச் சூடாக்கவே வேண்டாம். தேங்கிய நீரை இறைத்துவிட்டு மழைக்காலத்திலும் போடலாம்.

மூடிய பள்ளம் இரண்டே வாரத்தில் பெயர்வதற்கு மழையை மட்டும் குறை சொல்வதும் தப்பு. பள்ளத்தின் ஓரத்தைச் செங்குத்தாக, சதுரமாக வெட்ட வேண்டும். உதிரி ஜல்லியையும் சேற்றையும் பெருக்கி, அடியிலும் ஓரங்களிலும் தார்க் குழம்பு பூசி, ஆழமான பள்ளமென்றால் இரண்டு மூன்று அடுக்காக இறுக்க வேண்டும். வெட்டாமல் கொட்டினால் ஓரத்தில் கலவை மெல்லிசாக நிற்கும். முதலில் பிய்வது அதுதான். லாரியிலிருந்து மண்வெட்டியால் வீசி, காலால் மிதித்துவிட்டுப் போவதற்குப் பெயர் ஒட்டு இல்லை.

சென்னைச் சாலை எல்லாவற்றுக்கும் புகார் எண் 1913 என்று சொல்வதும் சரியில்லை. அது மாநகராட்சி எண். அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. அவற்றுக்கு ‘நம்ம சாலை’ செயலி. புகாரில் அருகிலுள்ள மின்கம்ப எண், பள்ளத்தின் நீள அகலம், அளவு தெரியும்படி பக்கத்தில் ஏதாவது வைத்து எடுத்த படம் இருக்கட்டும். ‘முடிக்கப்பட்டது’ என்று பதில் வந்து பள்ளம் அப்படியே இருந்தால், பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டே மறுபடி பதியுங்கள்.