யூனியன்ல சேர்றது பாவமா? அந்த மெசேஜை நம்பாதீங்க

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் குரூப்புகள்ல ரெண்டு நாளா ஒரு ஃபார்வர்டு சுத்துது, 1891-லயே போப் சோசலிசத்தை கண்டிச்சுட்டாரு, அதனால கிறிஸ்தவங்க யூனியன்ல சேர்றதும் கூலி கேட்டு நிக்கிறதும் பாவம்னு. நேத்து கொழுந்து எடை போடுற இடத்துல ஒரு அக்கா போனை நீட்டி, நான் சந்தா கட்டினது தப்பா தம்பின்னு கேட்டாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

தப்பே இல்ல. 1891 மே 15-ல பதிமூன்றாம் லியோ போப் எழுதின ரேரும் நோவாரும்ங்கற சுற்றுமடலைத்தான், அதாவது திருச்சபைக்கு எழுதின பொதுக் கடிதத்தைத்தான், அந்த ஃபார்வர்டு சொல்லுது. அதுல சோசலிசத்தை மறுக்கிறாரு, சொந்தமா சொத்து வச்சுக்கிற உரிமை வேணும்ங்கிறாரு, அது உண்மைதான். ஆனா அதே மடல்லதான் தொழிலாளிங்க சங்கம் வச்சுக்கலாம், அது அவங்க இயல்பான உரிமைன்னும் சொல்றாரு, தொழிலாளியே ஒத்துக்கிட்ட கூலியா இருந்தாலும் அது அவன் சிக்கனமா வாழவாச்சும் பத்தணும்னு இருக்கு. ஃபார்வர்டு எழுதினவங்க பாதியை வெட்டிட்டாங்க. முழு மடலும் வாடிகன் வெப்சைட்ல இருக்கு, யாரும் பார்க்கலாம்.

பைபிளும் வீட்ல இருக்கும்ல, யாக்கோபு 5:4 எடுத்து பாருங்க, பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு இருக்கு. அப்போஸ்தலர் 2:44-45-ல முதல் விசுவாசிங்க சொத்தை வித்து தேவைக்கு ஏத்தபடி பகிர்ந்துக்கிட்டாங்க, அதே அப்போஸ்தலர் 5:4-ல அப்படி விக்கிறது கட்டாயம் இல்லன்னும் தெரியுது.

உங்க குரூப்புக்கு அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா அழிச்சிடுங்க.